ஒரு நாள் விடுப்பு



போர்க்காலம் என்றதும் பீரங்கியும் விமானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் சொல்லப்போவதோ ஒரு பகற்பொழுதைப் பற்றி. அது எங்கள் பாடாலூரில், நான் பிறப்பதற்கு முன்பு நிகழ்ந்தது. என் தாயார் வாயிலாக நான் கேட்டது.

1942-ஆம் ஆண்டில் இந்திய மகளிர் துணைப்படை தோன்றியது. படித்த இளம்பெண்கள் அதில் சேர்ந்து, தொலைபேசி நிலையங்களிலும் இராணுவ அலுவலகங்களிலும் பணியாற்றினர். சேலையையே சீருடையாக உடுத்தவும் இடமிருந்தது. என் தாயாரின் அக்காள் சென்னையில் அப்பணியிலிருந்தார். திருச்சியில் தங்கிப் படித்தவர். ‘படிக்க வைத்ததன் பலன் பட்டாளமா!’ என்று மனம் கசந்த பாட்டனார், இளையவளாகிய என் தாயாரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசிச் சென்றது. சில வாரங்களுக்குப் பின் பெரியம்மாவுக்கு மூன்று நாள் விடுப்புக் கிடைத்தது. போக வர இரு நாள். ஊரில் தங்க ஒரே நாள். தோழியர் இருவருடன் திருச்சிக்கு இரயிலில் வந்து, பெட்ரோல் பஞ்சத்தால் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் பாடாலூர் சேர்ந்தார்.

மூவரும் பூமலை ஏறிச் சஞ்சீவிராயரை வணங்கினர். கிணற்றடியில் சிரித்து விளையாடினர். சோளச் சோறும் மோரும் உண்டனர். திண்ணைகளில் ஏளனப் பேச்சு எழுந்தது. பாட்டனார் முகங்கொடுக்கவில்லை.

மாலையில் அண்டை வீட்டு மூதாட்டி ஒரு கடிதத்துடன் வந்தாள். அவள் மகன் போர்முனையில் இருந்தான். கடிதத்தில் இரண்டு வரிகள் கருமையால் அழிக்கப்பட்டிருந்தன. படித்துக் காட்டியவர் எவருக்கும் காரணம் தெரியவில்லை. மகனுக்கு நேர்ந்த தீங்கைத்தான் மறைத்துள்ளனர் என்று அவள் மாதக்கணக்கில் உறங்காதிருந்தாள்.

“ஆத்தா, அழித்திருப்பது அவர் இருக்கும் ஊரின் பெயராக இருக்கும். பகைவர் அறியக்கூடாதென்று தணிக்கை அதிகாரிகள் மை பூசுவது வழக்கம். உங்கள் மகனைக் காப்பதற்கே அது. கீழே பாருங்கள், அவரே கையொப்பமிட்டிருக்கிறார்” என்றார் பெரியம்மா. மூதாட்டி அவர் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். திண்ணையிலிருந்த பாட்டனார் அனைத்தையும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் மகளின் பெட்டியைத் தாமே சுமந்து சாலைவரை சென்றார்.

அதே ஆண்டில் சிங்கப்பூரில், டாக்டர் இலட்சுமியின் தலைமையில், மலேயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அவர்களை வரலாறு அறியும். எங்கள் ஊர் கண்ட அந்த ஒரு நாளை எந்த ஏடும் குறிக்கவில்லை.

ஆயினும் அடுத்த ஆண்டு என் தாயார் மீண்டும் பள்ளிக்குச் சென்றார், பின்னர் ஆசிரியையானார். எனக்கு அகரம் எழுதக் கற்பித்தவர் அவரே.