மூடத் தெரிந்தவர் தோண்டட்டும்

(தலைப்பு: குவாரியை விரிவாக்கும்போது முதலில் வேண்டியது தோண்டும் திட்டமா? மூடும் திட்டமா? 'மூடும் திட்டமே' என்ற அணியில் பேசியது.)

காலையிலிருந்து எங்களுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அதை மூடுவதற்கென்றே வந்திருக்கிற என் அணித் தோழர்களே!

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ஆவேசமாகக் கேட்டார். "கிராவல் இல்லாம ரோடு ஏது? குவாரி பெருகினாத்தானே நாலு பேருக்கு வேலை?" நியாயமான கேள்விங்க. எங்க அப்பா குவாரியிலே லோடு ஏத்தின கூலியிலேதான் நான் பள்ளிக்கூடம் போனேன். குவாரியே வேண்டாம்னு சொல்ல இந்த நாக்குக்கு உரிமை கிடையாது. குவாரி விரியட்டும். கட்டம் கட்டமாக விரியட்டும். அதிலே இரண்டு அணிக்கும் சண்டையே இல்லை. அந்தக் கட்டத்தை எந்த முனையிலிருந்து போடுறது? அதுதான் இன்றைய வழக்கு.

எனக்குப் பெண் பார்த்தபோது ஜோசியர் பன்னிரண்டு கட்டம் போட்டார். பதின்மூன்றாவது கட்டம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சுது! (சிரிப்பு) ஆனால் அந்த ஜோசியர் ஒன்று செய்தார், நடுவர் அவர்களே. பணம் வருமா, பதவி வருமான்னு பார்க்கிறதுக்கு முன்னாலே ஆயுளைப் பார்த்தார். நானும் அதைத்தான் கேட்கிறேன். குவாரிக்கு முதல்லே ஆயுள் பாருங்கய்யா!

கணக்கு சின்னதுதான். ஒரு ஹெக்டேரிலே 2 மீட்டர் ஆழம் தோண்டினா 20,000 கன மீட்டர். ஒரு டிப்பருக்குத் தோராயமா 10 கன மீட்டர்னு வெச்சா 2,000 லோடு. நாளைக்கு 10 லோடு போனா 200 நாளிலே அந்த ஹெக்டேர் காலி. 5 ஹெக்டேர் எடுத்தா 1,000 வேலை நாள். இது முதல் நாளே தெரிஞ்சிடும். அப்போ அந்தப் பூமியைத் திருப்பிக் கொடுக்கிற நாளும் முதல் நாளே தெரியணுமா, இல்லையா? (கைதட்டல்)

நடுவர்: பிறந்த அன்னிக்கே கருமாதிக்குத் தேதி குறிக்கச் சொல்றீங்க!

இல்லீங்க ஐயா, வாடகை வீட்டுக்குக் குடி போகும்போதே வெள்ளையடிச்சுக் கொடுக்கிறேன்னு சொல்றோமே, அது மாதிரி! (சிரிப்பு)

தாய்மார்கள் இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சதையே சொல்றேன். நேத்து தயிரிலே ஒரு கரண்டி எடுத்துத்தானே இன்னிக்குப் பாலுக்கு உறை ஊத்தறீங்க? அந்தக் கரண்டித் தயிரை ஒரு மாசம் மூலையிலே வெச்சிருந்தா உறையுமா? மேல்மண்ணும் அப்படித்தான். கிராவலுக்கு மேலே இருக்கிற அந்த ஒரு சாண் மண்ணிலே விதை இருக்கு, வேர் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர் இருக்கு. வருஷக் கணக்கிலே குவிச்சுப் போட்டா உள்ளே இருக்கிற உயிர் ஒடுங்கிப்போகும். அதனாலே என்ன செய்யணும்? இரண்டாம் கட்டத்திலே சுரண்டுற மேல்மண்ணை, தோண்டி முடிச்ச முதல் கட்டத்து மேலே அப்படியே கொண்டுபோய்ப் பரப்பணும். மூன்றாம் கட்டத்து மண் இரண்டாவதுக்கு. அதே மெஷின், அதே டிரைவர், அன்றைக்கே வேலை முடியும். எல்லாம் தோண்டி முடிச்சு மெஷினும் போய், முதலாளியும் போன பிறகு யாரைக் கூப்பிடுறது?

கட்டம் போடுறது வேறே, துண்டு போடுறது வேறே. முழுப் படத்தையும் ஊருக்குக் காட்டிவிட்டு, 'இதிலே இது முதலாவது'ன்னு சொன்னா அது கட்டம். முழுசையும் மறைச்சு, 'இவ்வளவுதாங்க' என்று துண்டு துண்டாக அனுமதி வாங்கினா அது தந்திரம். 5 ஹெக்டேருக்குள்ளே துண்டாக்கி அனுமதிச் சட்டத்திலேயிருந்து நழுவுறாங்கன்னு புகார் போன வழக்கிலேதான், 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்லிச்சு.

இனி சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்க ஊர் ஓரத்திலே கைவிட்ட குவாரிக் குழி ஒன்று. ஐப்பசி மழையிலே நிரம்பி நின்றது. என்கூட ஐந்தாம் வகுப்பு படிச்சவன், எருமையைக் குளிப்பாட்ட இறங்கினான். நீச்சல் தெரியும் அவனுக்கு. ஊர்க் குளத்திலே அக்கரை போய் வருவான். ஆனா குளத்துக்குப் படித்துறை இருந்தது. குழிக்கு இல்லை. நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். பிடிச்ச சரளை கையோடு வந்தது. எருமை எப்படியோ ஏறிடுச்சு. அவன் ஏறலை.

சரளை மாதிரி இளகின மண்ணிலே சுவரை 45 டிகிரிக்கு மேலே நிறுத்தக் கூடாது, இல்லேன்னா ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத படி படியாக வெட்டணும்னு 1961-ஆம் ஆண்டு சுரங்க விதியிலேயே இருக்கு. அந்தச் சரிவை யார் வெட்டியிருக்கணும்? தோண்டுறவர்தான், தோண்டும்போதே வெட்டியிருக்கணும். மூடும் திட்டம் ஒன்று முதல்லேயே இருந்திருந்தா என் நண்பன் இன்றைக்குப் பேரன் எடுத்திருப்பான். (அமைதி)

எதிரணித் தலைவர் கேட்பார், "பள்ளத்தாலே பலனே இல்லையா?" உண்டு. 2017 வறட்சியிலே சிக்கராயபுரத்துக் கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைத்தான் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பினாங்க. திட்டம் போடாத குழியே தலைநகரத்துக்குத் தாகம் தீர்த்தா, கரையும் படியும் வேலியும் திட்டம் போட்டு விட்ட குழி எத்தனை ஊருக்குத் தாகம் தீர்க்கும்? எல்லாக் குழியையும் மண்ணைப் போட்டு மூடச் சொல்லலை. வயலாகணுமா, குளமாகணுமா, தோப்பாகணுமான்னு முதல் மண்வெட்டி விழறதுக்கு முன்னாலே முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றோம்.

மணி அடிச்சுட்டாங்க. முடிச்சுடறேன். முதல் கட்டத்திலே செடி முளைச்சாத்தான் இரண்டாம் கட்டத்துக்கு மெஷின் போகணும். இந்த ஒரு நிபந்தனை இருந்தா குவாரியும் விரியும், ஊரும் பிழைக்கும். ஆகவே முதலில் வேண்டியது மூடும் திட்டமே, மூடும் திட்டமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, விடைபெறுகிறேன். (கைதட்டல்)