சங்கடமான கேள்வியும் நேர்மையான பதிலும்



முதல் பட்டம் பெற்றவர்களுக்காகவே அமைந்த டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி, சிங்கப்பூரில் 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இத்தகைய மேற்பட்டப் படிப்புகளில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. நேர்காணலிலும் தேற வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைகளும் தடுமாறும் இடம் இதுதான்.

“இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் ஏன் சரிந்தது?” என்று கேட்டதும் ஒரு மாணவர் விரிவுரையாளரைக் குறை சொல்வார். இன்னொருவர் குடும்பக் கஷ்டத்தை நீட்டி முழக்குவார். தந்தை நோயுற்றதால் இரவு வேலைக்குப் போனது வெட்கப்பட வேண்டிய செய்தியல்ல. அதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மறு ஆண்டு எப்படி மீண்டார் என்பதை விளக்கினால் போதும். தேர்வாளர் அறிய விரும்புவது விழுந்த கதையை அல்ல, எழுந்த கதையை.

பெண்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி, “திருமணம் எப்போது?” என்பது. படிப்புக்குத் தொடர்பில்லாத கேள்விதான். ஆனாலும் கோபம் உதவாது. “படிப்பை உரிய காலத்தில் முடிக்கத் திட்டம் வைத்திருக்கிறேன்” என்று கூறி, அத்திட்டத்தை விவரிக்கலாம்.

விடை தெரியாவிட்டால் புனையக் கூடாது. அடுத்த கேள்வியிலேயே பொய் வெளுத்துவிடும். “தெரியவில்லை, இப்படித் தேடிப் பார்ப்பேன்” என்பவரிடம் ஆய்வாளருக்குரிய குணம் தெரிகிறது.

மனப்பாடப் பதில் ஒப்புவிப்பது போலவே ஒலிக்கும். அஞ்சும் கேள்விகளை எழுதிக் கொடுத்து, வீட்டார் மாற்றி மாற்றிக் கேட்கட்டும். வீட்டிலேயே வாய்விட்டுப் பேசிய உண்மை, நேர்காணல் அறையில் தொண்டையில் சிக்காது.