அடியில் இருந்து காக்கும் தகடு
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோபுரக் கலசம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அத்திவாரக் கல் தெரிவதில்லை. மோட்டார் வண்டியும் அப்படியே. அதன் மேனியை நாள்தோறும் துடைக்கிறோம். அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அங்குள்ள தகடுகளைப் பற்றியே இன்று பேச முன்வந்தோம்.

இத்தகடுகளுக்குப் பணி மூன்று. கல்லும் சேறும் எஞ்சினையும் ஓயில் தொட்டியையும் தாக்காமல் தடுப்பது ஒன்று. அடியில் புகும் காற்றுக் குழாய்களிலும் பள்ளங்களிலும் மோதிச் சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்காமல், வழுக்கிச் செல்ல விடுவது மற்றொன்று. சைலன்சர் குழாயின் வெப்பம் மேலே ஏறாமல் மறைப்பது மூன்றாவது. 1955 இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சித்ரோன் டீ.எஸ். கார், தட்டையான அடிப்பாகத்துடன் காற்றை வென்றது. இன்று ஜப்பானிலிருந்து வரும் கார்கள் பலவற்றிலும் பிளாஸ்டிக் தகடுகள் உண்டு.

"மலை வழியில் இது எதற்கு? கழற்றி எறி" என்போர் நம்மிடையே உளர். அவர் கூற்றில் பாதி உண்மை. வேகம் மூன்று மடங்கானால் காற்றின் தடை ஒன்பது மடங்காகும். ஆகவே 90 கிலோமீற்றர் வேகத்தில் பெற்றோலை மிச்சப்படுத்தும் தகடு, எல்ல வளைவுகளில் 30 இல் ஊரும்போது பெரிதும் உதவாது.

ஆனால் மறுபாதியை மறக்கலாமா? 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து, பாதைகளில் கல்லும் மண்ணும் குவிந்ததைக் கண்டோம். தோட்டப் பாதையில் ஒரு கூரிய கல் போதும், ஓயில் தொட்டி கிழிய. ஓயில் வடிந்தபின் ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். நள்ளிரவில் பிரசவ வேதனையுடன் ஒரு தாயைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வேன் நடுவழியில் நின்றால், நட்டம் பணத்தோடு முடியுமா?

எனவே, உடைந்த தகட்டைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடாதீர்கள். அது கழன்று சில்லில் சிக்கலாம். கராஜ் பாஸிடம் கொடுத்து ஆணிகளைப் பூட்டுங்கள். இரும்புத் தகடு போடுவதாயின், காற்றுப் புகவும் நீர் வடியவும் துளை இருக்கட்டும். ஓயில் மாற்றியபின் எண்ணெய்த் துணியை அதன்மேல் விட்டுவிடாதீர்கள், தீப்பற்றும். வெப்பத் தகடு கழன்ற வண்டியை மட்டுமல்ல, எந்த வண்டியையும் வரட்சிக் காலத்தில் காய்ந்த மானாப்புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். கொதிக்கும் குழாய் ஒரு மலையையே எரித்துவிடக்கூடும்.

மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பதற்குப் பணச் செலவில்லை. வண்டி ஓட்டும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் இப்பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுமென வேண்டி, அமைகிறோம்.