நீண்ட விடுமுறையும் நம் பாலர்களும்

(மலாக்காவில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது சம்பளம், வீடு, மருந்து, விடுப்பு ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று ஐந்து, ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது சங்கத்தின் வேலையா?" என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். நாம் சம்பள உயர்வு கேட்பது யாருக்காக? நம் பிள்ளைகளுக்காக. அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்து, "மக்கு" என்று பெயர் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், நாம் வாங்கிய உயர்வினால் ஆன பயன் என்ன?

பாலர் பள்ளி ஆண்டு முடிந்து நீண்ட விடுமுறை வருகிறது. தொற்றுநோய்க் காலத்தில் மார்ச் மாதத்துக்கு நகர்ந்த பள்ளியாண்டு, 2026-இல் மீண்டும் ஜனவரிக்கு வந்திருக்கிறது. ஆகவே நம் பெரிய விடுமுறை பழையபடி ஆண்டுக் கடைசியில், மழைக்காலத்தில் வருகிறது. பாலர் பள்ளியை முடித்த குழந்தை முதலாம் ஆண்டு வாசலை மிதிப்பதற்கு முன் உள்ள இடைவெளி அது. அந்த இடைவெளியில் வீடு என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

சட்டம் பார்க்காத வயது

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 43 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். அதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தின் கண்ணுக்கு ஏழு வயதில்தான் பிள்ளை தெரிந்தது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தை எங்கே இருந்தது? ஆயாக் கொட்டகையில். தொட்டில், பால், தூக்கம். ஒரு ஆயா எத்தனை குழந்தைகளைத்தான் பார்ப்பார்? குழந்தை விழாமல், பசியில் அழாமல் பார்த்துக்கொண்டதே பெரிய காரியம். நம்மில் பலரை வளர்த்த அந்தத் தாய்மார்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். என்றாலும் உட்கார வைத்துக் கதை சொல்லவும், கேள்வி கேட்கவும் அங்கே நேரம் ஏது?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. இன்று தமிழ்ப் பள்ளிகளிலேயே பாலர் வகுப்புகள் நடக்கின்றன. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்பாகிவிட்டன. நம்மவர்களில் பலர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். காலம் மாறிவிட்டது. ஆனால் பாலர் பள்ளி கதவைச் சாத்தும் நாட்களில், குழந்தையின் பள்ளிக்கூடம் நம் வீடுதான் என்பது மாறவில்லை.

வெளிநாட்டார் சொல்லும் சாட்சி

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரில் 1982-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைச் சில ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள். விடுமுறையில்தான் இடைவெளி விரிந்தது என்று அவர்கள் கண்டார்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்பதில் பின்னால் வந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் தெளிவாக இருக்கிறது. வகுப்பறையில் நம் பிள்ளை யாருக்கும் இளைத்தவன் இல்லை. வீட்டில் கிடைப்பதும் கிடைக்காததும்தான் அவனை முன்னே தள்ளுகிறது, பின்னே இழுக்கிறது.

"வசதி இல்லாத வீட்டில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். 1907-இல் இத்தாலி நாட்டு ரோம் நகரில், சான் லோரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி அம்மையார் சிறு குழந்தைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். தாய் தந்தையர் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் தனியே திரிந்த பாட்டாளிக் குழந்தைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த முதல் பாடங்களில் பொத்தான் போடுவதும், கை கழுவுவதும், கூட்டிப் பெருக்குவதும் இருந்தன. வீட்டு வேலையே பாடமாயிற்று. அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகம் போற்றும் அந்தக் கல்விமுறை தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

முதலில் பேச்சு

ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் தேவை பேச்சு. பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் நாம் பேசுவதெல்லாம் "வா, போ, சாப்பிடு, சும்மா இரு" என்பதோடு முடிந்துவிடுகிறது. இது கட்டளை, பேச்சாகாது. மாலையில் அரை மணி நேரம் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். "நாய்" என்று அது சொன்னால், "கறுப்பு நாயா? எங்கே ஓடியது? ஏன் ஓடியது?" என்று நீட்டுங்கள். ஒரு சொல் ஒரு வாக்கியமாகும், வாக்கியம் கதையாகும்.

கதை சொல்ல வீட்டில் பாட்டி இருந்தால் அது பெரும் பாக்கியம். காக்கா கதையும் நரி கதையும் போதும். ஒரே கதையைப் பத்துநாள் சொன்னாலும் குழந்தைக்கு அலுக்காது. பதினோராம் நாள் குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் நடந்தது எது, பிறகு நடந்தது எது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தை, வாசிக்கக் கற்கும்போது பாதி வழியைக் கடந்துவிட்டது.

இன்னொன்று. பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் வரப்போகின்றன என்று பயந்து, நாமே சரியாக அறியாத மொழியில் குழந்தையிடம் தட்டித் தடுமாறிப் பேசுகிறோம். வேண்டாம். நமக்கு நன்றாகத் தெரிந்த தமிழில் நிறையப் பேசுவோம். தாய்மொழியில் அடித்தளம் பலமாக இருந்தால், அதன்மேல் மற்ற மொழிகளை ஆசிரியர் கட்டுவார்.

கையும் எண்ணும்

பென்சில் பிடிப்பதற்கு முன் விரல்களுக்குப் பலம் வேண்டும். உளி பிடிக்கத் தெரிந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப் பழக்கம் வராத புதியவன் மரத்தைக் காயப்படுத்திவிடுவான் அல்லவா? சப்பாத்தி மாவைக் குழந்தையின் கையில் ஓர் உருண்டை கொடுங்கள். பூத் தொடுக்க, துணி மடிக்க, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்ற விடுங்கள். கோலப்புள்ளியை எண்ணி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். சிந்தினால் திட்டாதீர்கள், துடைக்கத் துணி கொடுங்கள். விரல் பழகிவிட்டால் எழுத்து தானே வளையும்.

எண்ணுக்கு நம் காட்டிலேயே பள்ளிச் சாமான் கிடக்கிறது. ரப்பர்க் காய் வெடித்தால் மூன்று கொட்டைகள் விழும். மூன்று, ஆறு, ஒன்பது என்று குவித்து எண்ணலாம். பெரியது, சிறியது என்று பிரிக்கலாம். கூடச் சேர்த்தால் எத்தனை, எடுத்துவிட்டால் எத்தனை என்று கேட்கலாம். ஆனால் எச்சரிக்கை: பச்சை ரப்பர்க் கொட்டையில் நஞ்சு உண்டு. வாயில் வைக்க விடக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆடி முடிந்ததும் கை கழுவ வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கொட்டையைக் கீழே போட்டு வைக்காதீர்கள். பல்லாங்குழியும் அப்படியே. மலாய் அண்டை வீட்டில் சோங்காக் ஆடுவார்கள். நம் பிள்ளையும் போய்ச் சேர்ந்து ஆடட்டும். எண்ணும் வரும், தோழமையும் வரும்.

கைப்பேசி என்னும் ஆயா

இன்று பல வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கைப்பேசி. களைத்து வந்த நாம் அதைக் கையில் கொடுத்துவிட்டுச் சாய்கிறோம். களைப்பு நியாயமானது, அதைக் குறைசொல்லி இங்கே பேசவில்லை. ஆனால் படம் பேசும், குழந்தை கேட்கும். குழந்தை பேசினால் படம் கேட்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: மூன்று, நான்கு வயதுக் குழந்தை திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, ஓடியாடுவது மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும், தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ஐந்து, ஆறு வயதுக்கும் இதை ஒட்டியே நடந்தால் கெடுதல் இல்லை. நாம் விடியுமுன் எழுபவர்கள். குழந்தை நேரத்தோடு படுக்க வேண்டுமானால் வீட்டு விளக்கும் நேரத்தோடு அணைய வேண்டும்.

பள்ளி வாசலுக்கு முன்

விடுமுறை முடிவதற்குள் குழந்தை தானே செய்யப் பழக வேண்டியவை சில உண்டு. தன் முழுப் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் சொல்ல வேண்டும். கழிவறைக்குத் தனியே போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சட்டைப் பொத்தானும் சப்பாத்தும் போட வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூட வேண்டும். "டீச்சர், எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அ, ஆ, இ எழுதத் தெரியாத குழந்தைக்கு ஆசிரியர் கற்றுக்கொடுப்பார். ஆனால் கேட்கத் தெரியாமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அழும் குழந்தைக்கு அன்றைக்குப் பாடம் ஏறாது.

கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகும் குழந்தை, சேர்ந்தாற்போல் பேச வராத குழந்தை இருந்தால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். விடுமுறையிலேயே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். பிறப்புப் பத்திரம் கையில் இருக்கிறதா, முதலாம் ஆண்டுப் பதிவு முடிந்ததா என்றும் பாருங்கள். இதில் கிராணிமார்களாகிய எங்களுக்கு ஒரு கடமை உண்டு. செக்ரோலில் உங்கள் பெயரை நாள்தோறும் எழுதும் கை, உங்கள் பிள்ளையின் பாரத்தையும் எழுதித் தரும். தயங்காமல் வாருங்கள்.

அரை மணி நேரம் யார் தருவது?

இதுவரை சொன்னதெல்லாம் காசு கேட்காதவை. ஆனால் நேரம் கேட்பவை. இங்கேதான் சங்கம் வருகிறது. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாயிற்று. இவை வானத்திலிருந்து விழவில்லை. நாடெங்கும் தொழிலாளர் இயக்கம் பல்லாண்டு கேட்டவை. குறைந்த அந்த மூன்று மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு பங்கு உண்டு. மழைநாளில் பட்டை நனைந்து வெட்டு நின்றுபோகிறது. வருமானம் போகிறதே என்று வயிறு எரிகிறது, நியாயம். மழைநாளுக்கு ஈடு கேட்டு நாம் பேசிக்கொண்டுதான் இருப்போம். அதுவரை, போன வருமானத்தோடு அந்தக் காலைப்பொழுதையும் சேர்த்துத் தொலைக்க வேண்டாம். அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கதை சொல்வது பெண்கள் வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

கிளைகள் செய்ய வேண்டியவை மூன்று. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தோட்டத்தில் காப்பகம் எந்த நிலையில் இருக்கிறது என்று செயலவை நேரில் பார்த்து எழுத வேண்டும். இரண்டாவது, விடுமுறை ஞாயிறுகளில் மண்டபத்தில் ஒருமணி நேரக் கதை வட்டம். படித்த நம் இளைஞர்கள் நடத்தட்டும். மூன்றாவது, வீட்டுக்கு ஒரு பழைய கதைப்புத்தகம் வாங்கி ஒரு பெட்டியில் போடுவோம். வாரம் ஒருமுறை மாற்றிக் கொள்ளலாம்.

சகோதர சகோதரிகளே! பால்மரத்தை நட்ட அன்றே யாரும் வெட்டுவதில்லை. ஐந்தாறு ஆண்டு களை எடுத்து, உரமிட்டு, மாடு மேயாமல் காத்த பிறகே உளி வைக்கிறோம். பிறர் மரத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டிய கைகள் இவை. நம் வீட்டுக் கன்றுக்கு மாலையில் அரை மணி நேரம் காட்டுவோம். ஜனவரியில் பள்ளி மணி அடிக்கும்போது, நம் பிள்ளை தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லட்டும்.