மருத்துவச்சி இல்லாத ஊருக்கு யார் பொறுப்பு?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

எங்கேனும் போர் மூண்டாலும், பூமி அதிர்ந்தாலும் நாம் கையேந்தி துஆச் செய்கிறோம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் துண்டேந்தி நிவாரண நிதி திரட்டுகிறோம். இவை நற்செயல்களே. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குண்டுபட்டு மாண்டவர்களை உலகம் எண்ணிச் சொல்கிறது. அதே போரில், பிரசவ வலி கண்ட இரவில் உதவ ஆளின்றி இறந்துபோன தாயை எண்ணிச் சொல்வோர் மிகக் குறைவு. அந்தத் தாயைக் கொன்றது ஆயுதமன்று. மருத்துவ ஏற்பாடு சிதைந்துபோனதே அவரைக் கொன்றது.

மஸ்ஜிதில் ஒரு மருத்துவக் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவர்களை அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக, மஸ்ஜிதில் இருந்த கூடாரத்தில் நபி (ஸல்) அவர்கள் தங்கவைத்தார்கள். அக்கூடாரம் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியுடையது என்றும், காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்வதையே அவர் தம் தொண்டாகக் கொண்டிருந்தார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஸஅத் (ரலி) அவர்கள் பின்னர் அந்தக் காயத்தாலேயே ஷஹீதானார்கள். ஆயினும் மதீனா முற்றுகையிடப்பட்டிருந்த அந்த நெருக்கடியிலும், காயம்பட்டவரை எங்கே கொண்டுசெல்வது, யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு விடை ஆயத்தமாக இருந்தது. தொழில் தெரிந்த ஒரு பெண் இருந்தார். அவருக்கு ஓர் இடம் இருந்தது. சமுதாயத் தலைமையின் ஆதரவும் இருந்தது. மருத்துவ ஏற்பாடு என்பதன் சாரம் இதுவே.

கட்டியெழுப்பப்பட்ட வரலாறு

இதை நம் காலத்தில் கண்கூடாகக் காட்டும் நாடு ஆப்கானிஸ்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலான போருக்குப் பின், 2002ஆம் ஆண்டு அந்நாட்டின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 1,600 தாய்மார்கள் இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. பதக்‌ஷான் மாகாணத்தின் மலைப்பகுதியான ராக் மாவட்டத்தில் மட்டும் அந்த எண்ணிக்கை 6,500. அதாவது ஆயிரம் பிரசவத்தில் அறுபத்தைந்து தாய்மார்கள்! அன்று நாடு முழுவதும் இருந்த பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 467 பேர் மட்டுமே.

2003ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம், ஒவ்வொரு குடிமகனுக்கும் கட்டாயம் கிடைக்க வேண்டிய அடிப்படைச் சேவைகள் எவை என்று ஒரு பட்டியல் வகுத்தது. தாய்சேய் நலம், தடுப்பூசி, ஊட்டச்சத்து, காசநோய் மற்றும் மலேரியா சிகிச்சை, அத்தியாவசிய மருந்துகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. பணம் தந்தவை உலக வங்கி முதலான வெளியார் அமைப்புகள். களத்தில் இறங்கிப் பணியாற்றியவை ஒப்பந்தம் செய்துகொண்ட தொண்டு நிறுவனங்கள். எனினும் எங்கே எது வேண்டும் என்ற திட்டம் ஒன்றாகவே இருந்தது. சிற்றூர்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகச் சுகாதாரத் தொண்டர்கள் நியமிக்கப்பட்டனர். மருத்துவச்சிப் பயிற்சிக்கு அந்தந்தப் பகுதி மக்களே தம் பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். பயிற்சி முடித்தவர்கள் தம் ஊருக்கே திரும்பிவந்து பணியாற்றினர். 2008ஆம் ஆண்டுக்குள் மருத்துவச்சிகளின் எண்ணிக்கை 2,000ஐக் கடந்தது. 2020ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய்மார் இறப்பு 620. அன்றைய ஆய்வும் இந்த மதிப்பீடும் வெவ்வேறு முறையில் கணக்கிடப்பட்டவைதாம். 620 என்பதும் பெருந்துயரமே. ஆயினும், போர் ஓயாத நாட்டிலும் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்றல்லவா?

ஊதியம் நின்றது, கதவும் அடைபட்டது

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலில் ஆட்சி மாறியது. உலக வங்கி நிதியை நிறுத்திவைத்தது. 'ஸெஹத்மந்தி' என்ற திட்டத்தின் கீழ் இயங்கிய சுகாதார நிலையங்கள் 2,300க்கும் அதிகம். அடுத்த மாதமே அவற்றுள் 17 விழுக்காடு மட்டுமே முழுமையாக இயங்குவதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நிலையங்களின் மீது எவரும் குண்டு வீசவில்லை. பணியாளருக்கு ஊதியம் நின்றது, மருந்து வரத்து நின்றது; அவ்வளவுதான்!

அந்த நவம்பரில், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 23,000க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களுக்கு நேரடியாக ஊதியம் வழங்கியது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கமும் மருத்துவமனைகளின் ஊதியத்தையும் மருந்துச் செலவையும் ஏற்றது. பின்னாளில் அத்தகைய மருத்துவமனைகள் 33 ஆயின. மூட இருந்த கதவுகள் மீண்டும் திறந்தன. ஆனால் இரவல் உதவி நிலைத்திருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் 25 மருத்துவமனைகளுக்கான அந்த உதவி முடிவுற்றது. வெளிநாட்டு நிதி குறைந்ததால் 2025 மார்ச் தொடக்கத்திற்குள் 167 சுகாதார நிலையங்கள் மூடப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

இவற்றைவிட ஆழமான காயம் 2024 டிசம்பரில் நேர்ந்தது. பெண்கள் செவிலியர் கல்வியும் மருத்துவச்சிக் கல்வியும் பயில்வதை ஆட்சியாளர்கள் தடுத்தார்கள். நிதி நின்றால் வேறொருவர் தரலாம். மருத்துவச்சியை உருவாக்கும் கல்வியே நின்றால், இன்று பணியில் இருப்பவர் ஓய்வுபெறும் நாளில் அந்த இடத்திற்கு யாரை அனுப்புவது? அந்நியப் பெண்ணை ஆண் மருத்துவர் தொடலாகாது என்று ஒருபுறம் கட்டுப்பாடு. பெண் மருத்துவரை உருவாக்க மறுபுறம் தடை. இவ்விரண்டுக்கும் நடுவே வலியால் துடிக்கும் தாய்க்கு எஞ்சுவது என்ன? 2025 ஆகஸ்ட் 31 அன்று குனர் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் 2,200க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, காயமுற்ற பெண்களைக் கவனிக்கப் பெண் மருத்துவப் பணியாளர்கள் போதவில்லை என்ற வேதனைக்குரல் எழுந்தது.

சகோதரர்களே! இத்தடை மார்க்கத்தின் பெயரால் வந்திருப்பதால், மார்க்கம் கற்றோர் மௌனம் காக்கலாகாது. 2022 டிசம்பரில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி தடுக்கப்பட்டபோதே, அது ஷரீஅத்திற்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மது அத்தய்யிப் அவர்கள் அறிவித்தார்கள். மருத்துவம் பயில்வது ஃபர்ளு கிஃபாயா என்று ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஃபர்ளு கிஃபாயா என்றால் என்ன? தேவையான அளவு சிலர் செய்துவிட்டால் எல்லோர் கடமையும் நீங்கும்; எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். அப்படியானால், மருத்துவச்சி இல்லாத ஊரின் பாவம் தடுத்தவரோடு மட்டும் நின்றுவிடாது. உருவாக்க முடிந்தும் வாளாவிருந்தவரையும் அது சேரும். நபி (ஸல்) அவர்களின் மஸ்ஜிதிலேயே இடம்பெற்ற ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தை எந்த ஃபத்வாவால் பிரிக்க முடியும்?

நம் கடமை

முதலாவது, நாம் தரும் உதவியின் தன்மை. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நம் கடற்கரைகளையும் தாக்கியது. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சூறையாடியது. அந்த ஆச்சேக்கு உலகெங்குமிருந்து சுமார் 4,000 டன் மருந்துகள் குவிந்தன. அவற்றுள் 60 விழுக்காடு அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை. 70 விழுக்காட்டின் மீது அவ்வூர் மருத்துவர்களுக்குப் புரியாத மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. காலாவதியாகி, பயனற்றுப்போன நூற்றுக்கணக்கான டன் மருந்துகளை அழிப்பதே தனிச் சுமையாயிற்று. தந்தவர்களின் நிய்யத் தூய்மையானது. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்காமல் தந்தார்கள். ஆகவே ஸதகா கொடுக்குமுன் கேளுங்கள். செவிலியரின் ஒரு மாத ஊதியமும், மின்னாக்கிக்கான டீசலும் புகைப்படத்தில் அழகாகத் தோன்றா. அல்லாஹ்விடம் அவற்றின் எடை குறையாது.

இரண்டாவது, நம் இல்லங்கள். நம் வீட்டுப் பெண்ணைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம், நியாயமான விருப்பமே. ஆனால் நம் மகள் செவிலியர் படிப்புக்குப் போகட்டுமா என்று கேட்டால் தயங்குகிறோம். பிறர் வீட்டுப் பெண் இரவெல்லாம் விழித்திருந்து நமக்குப் பணிசெய்ய வேண்டும், நம் வீட்டுப் பெண் யாருக்கும் பணிசெய்யக் கூடாது என்பது என்ன நீதி? பாதுகாப்பான கல்விக்கூடத்தைத் தேடித்தருவது தந்தையின் பொறுப்பு; கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்குக் கைகொடுப்பது ஜமாஅத்தின் பொறுப்பு.

யா அல்லாஹ்! போராலும் பேரிடராலும் அல்லலுறும் மக்களுக்கு நிவாரணம் அளிப்பாயாக! ஊதியமின்றியும் தம் பணியிடத்தை விட்டு அகலாத மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஈருலகிலும் நற்கூலி வழங்குவாயாக! அடைக்கப்பட்ட கல்விக் கதவுகளைத் திறப்பாயாக! எங்கள் பிள்ளைகளை உயிர்காக்கும் கரங்களாக ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.