முதல் வரியில் ஒரு காவற்காரன்



சிறுவருக்காக எழுதுவோரிற் பலர் முதற் பந்தியை மட்டும் பெரியவர்களுக்கு எழுதிவிடுகிறார்கள். இரத்தினபுரியில் தமிழ் கற்பிக்கும் நானும் அத்தவறைச் செய்தவன்தான். பாட்டைத் தொடங்குமுன் புலவரின் பிறந்த ஊர், பாட்டின் நீதி என்று கரும்பலகையை நிரப்புவேன். பிள்ளைகளின் கை எழுதும்; கண் யன்னலுக்கு வெளியே போய்விடும்.

ஒருநாள் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி'யைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. நேரம் போதாமையால் முன்னுரையை விட்டு நேரே பாட்டைப் படித்தேன். கத்தரித் தோட்டத்தில் நிற்கும் காவற்காரனோடு பேசுவதாகத் தொடங்குகிறது அது. கூலி பெறாமலே வேலை செய்கிறானாம் அவன்!

"கூலி இல்லாம எவன் சேர் காவல் நிப்பான்?" என்றான் பின்வாங்கு மாணவன் ஒருவன்.

"எங்க லயத்துக்குப் பின்னால தாத்தா நட்டுவச்ச பொம்மை நிக்குதே!" என்றாள் ஒரு சிறுமி.

வகுப்பு விழித்துக்கொண்டது.

1953இல் மறைந்த புலவர், வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். பிள்ளையின் காதை அறிந்தவர். விளக்கவுரை சொல்லாமல், யாரையோ கூப்பிட்டுப் பேசுகிறார். அவன் யாரென்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறார். அதிலும் 'கூலி' என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு வெறும் சொல்லன்று. வீட்டில் நாள்தோறும் பேசப்படும் கணக்கு.

அவரது 'ஆடிப்பிறப்பு'ப் பாட்டும் மறுநாள் விடுமுறை என்ற நற்செய்தியோடுதான் தொடங்குகிறது. விடுமுறை என்றால் எந்தப் பிள்ளைதான் திரும்பிப் பாராது? ஆனால் யாழ்ப்பாணத்து ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் அறியாத என் மாணவருக்கு நான் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. சொல்லி முடிப்பதற்குள் அந்த உற்சாகம் ஆறிவிட்டது. குறை பாட்டில் இல்லை. ஒரு மண்ணில் இழுக்கும் தொடக்கம் எல்லா மண்ணிலும் அப்படியே இழுப்பதில்லை.

அதன்பின் 'எனது தாய்' என்ற கட்டுரைக்கு, "அம்மாவிடம் நீங்கள் கண்ட, ஆனால் விளங்காத ஒன்றை முதலில் எழுதுங்கள்" என்றேன். வழக்கமாக எல்லாக் கொப்பிகளிலும் 'எனது தாய் அன்பானவர்' என்றே இருக்கும். இம்முறை ஒரு சிறுமி இப்படித் தொடங்கியிருந்தாள்: "மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பார். ஆனாலும் அம்மாவுக்கு மழை பிடிக்காது."

அவள் தாய் இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைக்குப் பேர் இல்லை. இரத்தினபுரியில் மழைக்கோ பஞ்சமில்லை. அந்தக் கணக்கையெல்லாம் கட்டுரை பிறகு சொல்லிற்று. முதல் இரண்டு வரிகள் என்னை அங்கே இழுத்துச் சென்றன.

தொடக்கம் கவரவேண்டும் என்றதும் சிலர் பேயையும் கொலையையும் தேடிப் போகிறார்கள். அது ஒரு கணம் திடுக்கிட வைக்கும், அவ்வளவுதான். முதல் வரி எழுப்பிய கேள்விக்கு எழுத்து முழுவதும் பதில் சொல்லவேண்டும். இல்லையேல் பிள்ளை ஏமாந்துபோகும். அடுத்த முறை நம்மை நம்பாது.

சிறுவருக்கு எழுதும் அன்பர்களே, எழுதி முடித்தபின் உங்கள் முதற் பந்தியை ஒருமுறை கையால் மறைத்துப் பாருங்கள். பலவேளை கதை இரண்டாம் பந்தியில்தான் தொடங்கியிருக்கும்.