மாட்டுத் தலையிலிருந்து வந்த எழுத்து

ஆங்கில நெடுங்கணக்கின் தலைப்பில் நிற்கும் ‘ஏ’ என்னும் எழுத்தின் கூர்முனையைக் கீழே வருமாறு திருப்பினால், அதன் இரு கால்களும் கொம்புகளாக மேலெழ, ஒரு மாட்டின் முகம் தென்படும். இது வெறும் கற்பனையன்று. சீனாய்த் தீபகற்பத்தில் நீலப்பச்சை நிற மணிக்கல் வெட்டியெடுக்கப்பட்ட செராபித் எல் காதிம் என்னுமிடத்தில், 1905ஆம் ஆண்டு தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த பழங்கல்வெட்டுகளில் மாட்டுத் தலையே எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எகிப்தியரின் பட எழுத்தை அறிந்திருந்த செமித்திய மொழியினர், மாட்டைக் குறிக்கும் தம் சொல்லின் முதலொலிக்கு மட்டும் அப்படத்தை வழங்கினர் என்பது, ஆலன் கார்டினரின் 1916ஆம் ஆண்டு ஆய்வுக்குப்பின் பெரும்பாலான அறிஞர் ஏற்றுக்கொண்ட விளக்கமாகும்.

பினீசியரிடம் ‘ஆலெஃப்’ எனப் பெயர்பெற்ற அவ்வெழுத்து, சில கோடுகளாகச் சுருங்கிப் பக்கவாட்டில் சாய்ந்ததோடு, தொண்டையை நொடிப்பொழுது அடைத்துத் திறக்கும் ஒரு மெய்யொலியையே குறித்தது. உயிரையும் மெய்யையும் தனித்தனியே வகுத்துக் கற்ற தமிழ் நேயர்களுக்கு, உயிரெழுத்தே இல்லாத நெடுங்கணக்கு வியப்பளிக்கக்கூடும்; பினீசியருடையது அத்தகையதே. அந்தத் தொண்டையொலிக்குத் தம் மொழியில் வேலையில்லாததைக் கண்ட கிரேக்கர், எழுத்தைக் கைவிடாமல் அதற்கு அகர ஒலியை அளித்து, ‘ஆல்ஃபா’ என்று அழைத்து, நிமிர்த்தியும் வைத்தனர். எழுத்து வரலாற்றில் இதற்கு நிகரான சிக்கனமான சீர்திருத்தம் அரிது. பின்னர் எத்ருஸ்கர், உரோமர் வழியாக ஆங்கிலத்தை அடைந்த அந்த எழுத்து, கேக்கில் ஒருவிதமாகவும் காரில் ஒருவிதமாகவும் பேங்க்கில் வேறொரு விதமாகவும் ஒலித்து, கற்போரை இன்றளவும் சோதிக்கிறது.

ஒலியை விட்டு விலகி, வெறும் அடையாளக் குறியாக அது ஆற்றும் பணிகளுள் நாள்தோறும் கைக்கு வருவது ஏ4 தாள். ஜெர்மனியில் 1922இல் வகுக்கப்பட்ட இவ்வரிசையில் ஏ0 என்பது ஒரு சதுரமீட்டர் பரப்புடைய தாள். அதை நான்குமுறை பாதியாக்கினால் கிடைப்பதே 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஏ4. நேயர்கள் அருகில் தாள் இருந்தால் நீளத்தைப் பாதியாக மடித்துப் பார்க்கலாம்: அளவு குறைந்தாலும் நீள அகல விகிதம் மாறுவதில்லை. நீளம், அகலத்தைப்போல் இரண்டின் வர்க்கமூல மடங்காக, அதாவது ஏறத்தாழ 1.414 மடங்காக அமைந்திருப்பதே காரணம். ஒரு சதுரமீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் 16 ஏ4 தாள்கள் அடங்குவதால், ஒரு தாளின் எடை 5 கிராம் என்று தராசின்றியே சொல்லிவிடலாம். அஞ்சல் செலவைக் கணக்கிடுவோர்க்கு இது உதவும்.

வயதுவந்தோர்க்கான திரைப்படச் சான்றிதழ், மேலையிசையில் 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும் சுரம் ஆகியவற்றைச் சுட்டிச் செல்லவே நேரம் இடந்தருகிறது. எனினும் 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் வகுத்த குருதி வகைகளைச் சொல்லாமல் முடிக்கலாகாது. ‘ஏ’ வகையினரின் உடலில் ‘பி’ வகைக் குருதியை எதிர்க்கும் பொருள் இயல்பாகவே இருப்பதால், வகை மாறி ஏற்றப்படும் குருதி உயிருக்கே கேடாகலாம். ஆகவே தத்தம் குருதி வகையை இதுவரை அறியாத நேயர்கள், அருகிலுள்ள மருத்துவமனையில் சோதித்துக் குறித்துவைத்துக்கொள்வார்கள் என்று நம்பலாம்.